இரண்டு விரலுக்கு நிற்கும் வண்டி

என் கணவர் வளைகுடா வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய மூன்றாம் வாரம், அவர் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் கப்பலில் வந்து சேர்ந்தது. மெட்ராஸுக்கு மீன் ஏற்றிப் போன லாரி ஒன்று திரும்பி வரும்போது அதைத் துறைமுகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது. பழவேற்காட்டில் எங்கள் வீட்டு முற்றத்தில் மரப்பெட்டியை இறக்கிப் பலகைகளைப் பெயர்த்தபோது உள்ளிருந்து வேறொரு ஊரின் வாசனை எழுந்தது. பெட்ரோலும் பேரீச்சம்பழமும் வெயிலில் காய்ந்த தோலும் கலந்த மாதிரி. ஐந்து வருடம் அவர் எங்கே இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. பிரேக் பிடித்தால் ஒரு கம்பி இழுக்கும், சக்கரத்துக்குள்ளே கட்டைகள் விரிந்து உரசும். எங்கள் ஜப்பான் வண்டியில் மட்டும் முன்சக்கரத்தோடு ஒரு எஃகுத் தட்டு பளபளவென்று வெளியே சுற்றும். கைப்பிடியை அமுக்கினால், மேலே சின்ன டப்பாவில் இருக்கிற எண்ணெய் ஒரு ரப்பர் குழாய் வழியாக இறங்கிப் போய்க் கட்டைகளைத் தள்ளி அந்தத் தட்டைக் கவ்வும். "எண்ணெயா வண்டிய நிறுத்துது?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர் சலிக்காமல் அமுக்கிக் காட்டுவார்.

மாமி மட்டும் வந்து பார்க்கவில்லை. மாமி என்றால் என் கணவருடைய அம்மா. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பதாம் நாள் என் கணவர் கப்பலேறிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டில் மாமியும் நானும்தான். எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. "உப்பு போட்டியா?", "கதவ சாத்தினியா?" என்பதோடு ஒரு நாள் முடிந்துவிடும். நான் ஜன்னலோரம் மெஷினில் ரவிக்கை தைப்பேன். மாமி கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுவார். மெஷின் சத்தமும் மணிச் சத்தமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது மாதிரி கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிப் படகுகளிலும் கடல் படகுகளிலும் ஒவ்வொன்றாக இன்ஜின் ஏறிக்கொண்டிருந்தது. அவற்றைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. என் கணவர் அங்கே கார் பட்டறையில் வேலை பார்த்தவர். கோட்டைக்குப்பத்திலும் அதைத் தாண்டிய குப்பங்களிலும் இன்ஜின் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு இந்த வண்டி வேண்டியிருந்தது.

சில காலைகளில் என்னையும் ஏற்றிக்கொள்வார். லைனிங் துணியும் நூலும் வாங்கப் பொன்னேரிக்கு. மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் ரோட்டின் இரு பக்கமும் தண்ணீர் நிற்கும். காற்றில்லாத காலையில் வானம் முழுவதும் கீழே இறங்கிக் கிடக்கும். தூரத்தில் ஒருவர் வலையோடு நிற்பது தெரியும். அவர் தண்ணீரில் நிற்கிறாரா, மேகத்தில் நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. என் கணவரின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடினால் சக்கரம் எதையும் தொடாமல் போவது போல இருக்கும். நான் அப்போதெல்லாம் எதையும் நினைத்ததில்லை. இருபத்தைந்து வயதில் அப்படி ஒன்றும் நினைக்காமல் இருப்பது எனக்குப் பெரிய சுகமாக இருந்தது.

இரண்டாம் வருடம் அந்த ரப்பர் குழாயில் கீறல் விழுந்தது. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. பிரேக் முன்போல் கெட்டியாக இல்லை, அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்று அவரே சொன்னார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு காலையில் ரோட்டின் வளைவில் எருமைக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. பின்னால் ஒரு கன்று தனியாக, அவசரமில்லாமல். அவர் பிரேக்கை அமுக்கினார். கைப்பிடி வெறுமனே போய் முட்டிக்கொண்டது. குழாய் தெறித்து எண்ணெய் என் முழங்காலில் அடித்தது. கன்றுக்கு விலகி வண்டியைத் திருப்பினார். நாங்கள் கரையிலிருந்து இறங்கி ஏரிக்குள் போனோம்.

விழுந்தது மிக மெதுவாக நடந்த மாதிரி இன்னும் நினைவிருக்கிறது. முழங்கால் ஆழத் தண்ணீரில், மெத்தை போன்ற சேற்றில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் பூநாரைகள் மொத்தமாக எழும்பின. சிறகின் உள்பக்கச் சிவப்பு ஒரே நேரத்தில் விரிந்து, தண்ணீரிலும் அதே சிவப்பு விரிந்தது. நான் செத்துவிட்டேன் என்று நினைத்தேன். பயமே இல்லையே என்றும் நினைத்தேன்.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அவர் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே தவறான பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

புத்தூர் கட்டு போட்டு இரண்டு மாதம் இருந்தார். அவிழ்த்தபோது கை மெலிந்து வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. ஈரத்துணியைப் பிழியச் சொன்னேன், தண்ணீர் சொட்டவில்லை. படகுக்காரர்கள் நல்லவர்கள். ஸ்பேனரை அவர்களே பிடித்துக்கொண்டார்கள், அவர் பக்கத்தில் நின்று சொன்னால் போதும் என்றார்கள். ஆனால் அவர்களிடம் போய்ச் சேர வண்டி வேண்டும். வண்டியை நிறுத்தக் கால் பிரேக் மட்டும் போதாது, வலது கைப்பிடியை அமுக்க வேண்டும்.

"வித்துடு. அது வந்த நாள்லயே எனக்குப் புடிக்கல" என்றார் மாமி.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடது கையில் ஸ்பூனோடு. "வித்துடலாம். நான் திரும்ப அங்கயே போயிடறேன். மேஸ்திரி வேலைக்கு ஆள் வேணும்னு எழுதியிருக்காங்க. அதுக்குக் கை வேணாம், வாய் போதும்."

மாமியின் விரலில் மணி நின்றது. நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது மாமி என்னைப் பார்த்தார். நேராக, கண்ணுக்குள். ஐந்து வருடம் வாசல் கதவைச் சாத்தித் திறந்த இரண்டு பேர் நாங்கள். எங்கள் இருவருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவரிடம் கேட்டேன். "ரெண்டு விரலால அமுக்கினா நிக்கிற மாதிரி பண்ண முடியாதாங்க?"

சிரித்தார். பிறகு யோசித்தார். பழைய ரப்பர் குழாயைக் கையில் எடுத்துக் காட்டினார். "நாம அமுக்கிற பலத்துல பாதி, இந்தக் குழாய் ஊதிப் பெருக்கிறதுலயே போயிடுது. அங்க பந்தயத்துக்குப் போறவங்க இத கழட்டிட்டு எஃகுக் கம்பி பின்னின குழாய் போடுவாங்க. அது ஊதாது. அமுக்கினது மொத்தமும் கீழ போவும். அது இருந்தா ரெண்டு விரல் போதும்."

"அப்ப அத போடுவோம்."

"இங்க ஏது?"

மெட்ராஸில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு எண்ணெய்க் குழாய் செய்து கொடுக்கும் கடை ஒன்று இருப்பதாகப் படகு இன்ஜின் சாமான் விற்பவர் சொன்னார். பழைய குழாயைச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கிளம்புவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்திருந்தேன். இஞ்ச் டேப்பை எடுத்து, டப்பாவிலிருந்து சக்கரம் வரைக்கும் குழாய் போகிற வழியிலேயே வைத்து அளந்தேன். வண்டியின் முன்பக்கத்தை ஒரு கட்டை மேல் தூக்கி வைத்து, ஹேண்டில்பாரை முழுக்க வலது பக்கம் திருப்பி ஒரு தடவை. இடது பக்கம் திருப்பி ஒரு தடவை.

கடைக்காரர் பழைய குழாயை மேஜை மேல் நேராக நீட்டினார். "இதே அளவு வெட்டிடறேன்" என்றார். என் கணவரும் தலையாட்டினார்.

"வேணாம். முக்கால் இஞ்ச் கூட வையுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னை அப்போதுதான் பார்த்தார். "ஏம்மா?"

"இந்தக் குழாய் வலது பக்கம் திருப்பும்போது விறைச்சிக்குது. கழுத்து கிட்டதான் முதல்ல கீறல் விழுந்துருக்கு, பாருங்க. கைய தூக்கினா அக்குள்ல பிடிக்கிற ரவிக்கை அங்கதான் கிழியும்."

அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கீறல்கள் நான் சொன்ன இடத்தில்தான் இருந்தன. சாக்பீஸை எடுத்து, முக்கால் இஞ்ச் தள்ளிக் கோடு போட்டார். உள்ளே வெள்ளையாக வழவழவென்று ஒரு குழாய், அதற்கு மேலே மெல்லிய எஃகுக் கம்பிகள் நெருக்கமாகப் பின்னியிருந்தன. சின்னப் பெண்ணுக்குப் பின்னின ஜடை மாதிரி கையில் கனமில்லாமல் வளைந்தது. முனைகளில் வேண்டிய வளையங்களைப் பக்கத்து லேத் பட்டறையில் பழையதைப் பார்த்துக் கடைந்து கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நான் அதைப் பைக்குள் விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

பூட்டுகிற வேலை என்னுடையது. அவருடைய வலது கை ஸ்பேனருக்கு இன்னும் ஆகவில்லை. இடது கையால் திருகினால் மறை மழுங்கிவிடும் என்று பயந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் திருகினேன். குழாய் சேருமிடத்தில் வைக்கிற செம்பு வாஷர்கள் இறுகிப் போயிருந்தன. அவற்றை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும் என்றார். அடுப்பங்கரையிலிருந்து மாமி கை நீட்டினார். "கொண்டா." இடுக்கியில் பிடித்துத் தணலில் வைத்து, சிவந்ததும் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். சுர்ரென்று சத்தம் வந்தது. மாமி கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

கடைசி வேலைதான் பெரிய வேலை. குழாய்க்குள் புது எண்ணெய் ஊற்றி, உள்ளே இருக்கிற காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழ் காற்று இருந்தாலும் பிரேக் பஞ்சாகிவிடும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் கைப்பிடியை அமுக்கிப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்தருகே இருக்கிற சின்ன மூக்கைத் திறந்து மூட வேண்டும். கீழே நான். மேலே அவர் அமுக்கினார். நாலாவது தடவையில் அவர் பிடி நழுவியது.

"எழுந்திருடா" என்றார் மாமி.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வண்டிப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தார்.

"அமுக்குங்க மாமி."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே புடிங்க." நான் மூக்கை அரைத் திருகு திறந்தேன்.

"யா அல்லா, கைய உள்ள இழுக்குது!"

"அப்படித்தான் இழுக்கும். வுடாதீங்க." மூடினேன். "இப்ப வுடுங்க."

மூக்கில் மாட்டியிருந்தது ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கொடுத்த குளுக்கோஸ் குழாய். கண்ணாடி மாதிரி இருந்த அதற்குள் எண்ணெய் தேன் நிறத்தில் வந்தது, இடையிடையே குமிழ்கள். முற்றத்தில் மத்தியான வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெயில் ஒரு புள்ளியாக உட்கார்ந்து கீழே பாட்டிலுக்குப் போயிற்று. அமுக்குங்க, புடிங்க, வுடுங்க. ஐந்து வருடத்தில் பேசாததை எல்லாம் மாமியும் நானும் அந்த மூன்று சொல்லில் பேசிக்கொண்டிருந்தோம். என் கணவர் பக்கத்தில் நின்று டப்பாவில் எண்ணெய் குறையாமல் ஊற்றினார். ஒரு சொட்டு பெட்ரோல் டாங்க் மேல் விழுந்தது. "தண்ணி, தண்ணி!" என்று கத்தினார், அந்த எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும். சொம்புத் தண்ணீரை ஊற்றுவதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளுப்பு விழுந்துவிட்டது.

இரண்டு மத்தியானம் இப்படிப் போயிற்று. குழாயில் குமிழ் வருவது நின்றுவிட்டது. ஆனாலும் கைப்பிடி கெட்டியாகவில்லை. எங்கேயோ காற்று ஒளிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவர் ஸ்பேனரைத் துணியில் போட்டுச் சுருட்டினார்.

"போதும், விடு. அங்க போறதுக்குக் காயிதம் எழுதிடறேன்."

நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. அப்போது மாமி, முக்காலியில் உட்கார்ந்தபடியே, குழாயை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"காத்து மேல போற சாமான்தானே?"

"ஆமா" என்றார் அவர்.

"அப்புறம் இன்னாத்துக்கு அத கீழ கீழன்னு தள்றீங்க? அது மேலயே வந்து குந்திக்குது. கீழ இருந்து எண்ணெய ஏத்துங்களேன். தானா வெளிய வந்துடுமே."

ஐந்து வருடம் பட்டறையில் இருந்தவர். மாமியைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடினார். பெரிய சிரிஞ்சோடு வந்தார்.

இந்தத் தடவை யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. சிரிஞ்சில் எண்ணெய் நிரப்பி, குளுக்கோஸ் குழாய் வழியாகக் கீழிருந்து மெதுவாக, ஊசியில் நூல் கோக்கிற பொறுமையோடு தள்ளினேன். மாமி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் வரல."

தள்ளினேன்.

"வரல. வரல... வருது. யா அல்லா, வருது பாருடா!"

கொடுவா மீனின் கண் அளவுக்கு ஒரு பெரிய குமிழ் மேலே வந்து உடைந்ததாம். அதன் பின்னால் சின்னதாக ஒரு சரம். எனக்குத் தெரியாது, நான் கீழே இருந்தேன். மாமியின் முகத்தைத்தான் பார்த்தேன். வெளிச்சம் டப்பா எண்ணெயில் பட்டு அவர் தாடையில் ஆடிக்கொண்டிருந்தது.

மூக்கை மூடி, டப்பாவை மூடினோம். என் கணவர் வந்து வலது கையின் இரண்டு விரலைக் கைப்பிடியில் வைத்தார். அமுக்கினார். பாதி தூரத்தில் கல் மாதிரி நின்றது. இன்னொரு தடவை அமுக்கினார். கண் கலங்கியதை மறைக்கச் சக்கரத்தருகே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தார்.

முதல் நாள் தெருக்கோடி வரைக்கும் நடை வேகத்தில் போய் வந்தார். நாங்கள் வாசலில் நின்றோம். வண்டி எங்கள் முன்னால் சத்தமில்லாமல், தண்ணீரில் படகு கரை தொடுவது போல நின்றது. மறுவாரம் கோட்டைக்குப்பத்துக்குப் போனார். மேஸ்திரி வேலைக்கு அங்கிருந்து வந்திருந்த காகிதத்துக்கு அவர் பதில் எழுதவே இல்லை. அது அலமாரியிலேயே கிடந்து, பிறகு எப்போதோ என் ரவிக்கை வெட்டும் மாதிரித்தாள் ஆகிவிட்டது.

அதற்கடுத்த வருடம் ஒரு நாள் ஆரம்பாக்கத்திலிருந்து இறால் வாங்க வந்தவரின் அம்பாசிடர் கார் எங்கள் வாசலில் நின்றது. பிரேக் மிதித்தால் உள்ளே போகிறது என்றார் டிரைவர். என் கணவர் படகேறி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போயிருந்தார். திரும்ப சாயங்காலம் ஆகும். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"நான் பாக்கறேன்" என்று சொன்னது என் வாய்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குழாய் முனை கசிந்திருந்தது. இறுக்கினேன். எண்ணெய் ஊற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். டிரைவர் உள்ளே உட்கார்ந்து மிதித்தார். அவருக்கு அவசரம். நான் மூக்கை மூடுவதற்கு முன்பே காலை எடுத்துவிடுவார். எடுத்த காற்று திரும்ப உள்ளே போகும். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அதேதான்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி இறங்கி வந்தார். கார்க் கதவைத் திறந்தார்.

"எறங்குப்பா."

டிரைவர் இறங்கினார். மாமி வெள்ளைத் துப்பட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் பாதத்தை பிரேக்கின் மேல் வைத்தார். தெரு முனையில் ஏரி தெரிந்தது. மத்தியானத்து ஏரி, வெளுத்து, அசையாமல். மாமி கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் காரை அவர்தான் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி.

"அமுக்குங்க மாமி" என்றேன், காருக்கு அடியிலிருந்து.

"அமுக்கியாச்சு. நீ நிதானமா பாரு."